மரபணு திருத்திய பொலிகிடா நம்ம தரவைக்கு வருமுன் யார் கேள்வி கேட்பது?

திருப்பாலைக்குடி கிடைக்காரன் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். அறுபது உருப்படி வைத்திருக்கிறேன், எல்லாம் ராமநாதபுரம் வெள்ளை. போன வாரம் சந்தையில் ஒரு வியாபாரி, காஷ்மீரில் மரபணுவைத் திருத்தி ஒரு செம்மறிக் குட்டியைப் பிறக்க வைத்திருக்கிறார்கள், கறி முப்பது சதவீதம் கூடுதலாம், சீக்கிரம் அந்த ரகப் பொலிகிடா, அதாவது இனவிருத்திக்கு விடும் கிடா, நம்ம பக்கமும் வரும் என்றார். வீட்டுக்கு வந்து மகனிடம் கேட்டேன். உண்மைதான். அங்குள்ள ஷேர்-இ-காஷ்மீர் வேளாண் பல்கலைக்கழகம் 2025 மே மாதம் அறிவித்திருக்கிறது. வெளியிலிருந்து எந்த மரபணுவையும் சேர்க்கவில்லையாம், தசை வளர்ச்சிக்குக் கடிவாளம் போடும் மயோஸ்டேட்டின் மரபணுவை மட்டும் திருத்தியிருக்கிறார்களாம்.

எனக்கு அறிவியல் மேல் பகை இல்லை. ஆனால் ஒரு ராத்திரியைச் சொல்ல வேண்டும்.

மூன்று வருஷத்துக்கு முன் வெளியூர்ச் சந்தையில் பெரிய உருவமாக ஒரு கிடா வாங்கிக் கிடையில் விட்டேன். குட்டிகள் நல்ல எடை, பக்ரீதுக்கு நல்ல விலை. அந்த ஆசையில், முதல் குட்டி போடப்போகிற தலையீற்று மறிகளோடும் (பெட்டை ஆடுகளோடும்) அதைச் சேரவிட்டேன். கார்த்திகை மழை, கொட்டகைக்குள் முழங்கால் வரை சேறு. ஒரு மறி சாயங்காலமே முக்க ஆரம்பித்தது. குட்டியின் தலையும் ஒரு முன்னங்காலும் வெளியே வந்துவிட்டன, தோள் வரவில்லை. என் மனைவி நல்லெண்ணெய் தடவிக் கையைவிட்டு மடங்கிய காலை நிமிர்த்தப் பார்த்தாள். குட்டியின் நாக்கு நீலம் பாய்ந்து வெளியே தொங்கியது. மறி கத்தவே இல்லை. பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டு கொட்டகைக் காலில் தலையை முட்டிக்கொண்டே இருந்தது. ஒன்றரை மணி நேரம் ஆச்சு. குட்டி செத்துத்தான் வந்தது. மறி நாலு நாள் பின்னங்காலை ஊன்றவில்லை.

அதற்கு ஊசியும் கிடையாது, ஆய்வகமும் கிடையாது. நான் பார்த்துச் சேர்த்த சேர்க்கை, அவ்வளவுதான். தப்பு என்னுடையது. சாதாரணச் சேர்க்கையே இதைச் செய்யும் என்றால், தசை கூடவேண்டும் என்றே திருத்திய கிடா வரும்போது வயிற்றில் சுமக்கப்போகிற மறிக்காக யார் கேள்வி கேட்பார்கள்? அதற்குச் சட்டம் இருக்கிறதா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மண்டபம் இறால் எழுதியது:

அண்ணே, படித்துவிட்டு ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

நான் ஆறு வருஷம் இறால் குஞ்சு பொரிப்பகத்தில் வேலை பார்த்தவன். தாய் இறால் தொட்டிக்கு வந்ததும் முட்டை பிடிக்காது. கண் காம்புக்குள் இருக்கிற சுரப்பி முட்டை முதிர்வதைத் தடுக்கும். அதனால் ஒரு கண்ணை எடுத்துவிடுவோம். இடுக்கியைச் சூடாக்கி, ஈரத் துணியில் இறாலைப் பிடித்து, காம்பைப் பிடித்து நசுக்க வேண்டும். கையில் ஒரு துடிப்பு வரும். வாலை மடித்து மடித்து அடிக்கும். தண்ணீரில் விட்டதும் ஒரு பக்கமாகவே சுற்றும். சில நாளில் முட்டை கட்டிவிடும். ஒரு நாளைக்கு எத்தனை கண் என்று நான் எண்ணியதில்லை.

இதையும் இந்தப் பேச்சில் சேர்க்கச் சொல்கிறேன். இனவிருத்தி என்றாலே எல்லாரும் மாடு, ஆடு என்றுதான் நினைக்கிறார்கள். நம்ம கரையில் தேவிபட்டினம் பக்கமெல்லாம் இறால் குளம். மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் 2010-இல் கடல் விராலைக் குஞ்சு பொரிக்க வைத்தது, நாட்டிலேயே முதல் தடவை. கடல் மீனையும் பண்ணை விலங்காக்கும் வேலை நம்ம வாசலில்தான் நடக்கிறது. ஜப்பானில் 2021-லேயே மயோஸ்டேட்டினை நீக்கிய மீன் விற்பனைக்கு வந்துவிட்டது. செம்மறியில் நீங்கள் கேட்கிற அதே மரபணுதான்.

கருப்புக்கோட்டு பரமக்குடி எழுதியது:

கிடைக்கார அண்ணன் கேட்ட கேள்விக்கு என்னால் முடிந்த அளவு நேரடியாகச் சொல்கிறேன்.

மரபணு மாற்றிய உயிர்களுக்கு நம்மிடம் இருப்பது 1986 சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வந்த 1989 விதிகள். 2022 மார்ச்சில் மத்திய அரசு, வெளி மரபணு சேராத திருத்தப் பயிர்களுக்கு அந்த விதிகளின் முக்கியப் பகுதிகளிலிருந்து விலக்கு கொடுத்தது. அப்படித்தான் 2025-இல் இரண்டு திருத்திய நெல் ரகங்கள் அறிவிக்கப்பட்டன. விலக்கு பயிருக்கு மட்டும்தான், விலங்குக்குக் கிடையாது. ஆக திருத்திய ஆடு வெளியே வரவேண்டும் என்றால் மரபணுப் பொறியியல் மதிப்பீட்டுக் குழு வழியாகத்தான் வரவேண்டும். ஆனால் அந்த விதிகள் பார்ப்பது சுற்றுச்சூழலுக்கும் மனிதருக்கும் தீங்கு வருமா என்பதை. ஆட்டுக்கு வலிக்குமா என்ற கேள்வி அதில் எங்கும் இல்லை.

வலியைப் பற்றிப் பேசுவது 1960 மிருகவதைத் தடைச் சட்டம். அடிப்பது, அளவுக்கு மேல் சுமை ஏற்றுவது, பட்டினி போடுவது எல்லாம் அதில் குற்றம். முதல் தடவைக்கு அபராதம் பத்து ரூபாயிலிருந்து ஐம்பது ரூபாய். ஆய்வகத்தில் இருக்கும்வரை பரிசோதனை விலங்குகளுக்கென்று ஒரு குழு மேற்பார்க்கும். ஆய்வகக் கதவைத் தாண்டிப் பண்ணைக்கு வந்துவிட்டால், பிறக்கும்போதே வலியோடு பிறக்கும்படி ஒரு இனத்தை உண்டாக்குவது குற்றம் என்று சொல்லும் வரி எதுவும் இல்லை. தமிழ்நாட்டின் 2019 இனப்பெருக்கச் சட்டம் மாட்டு விந்து நிலையங்களையும் செயற்கைக் கருவூட்டலையும் ஒழுங்குபடுத்துவது. செம்மறி அதற்குள் வராது.

மண்டபம் தம்பிக்கு ஒன்று. 1960 சட்டத்தில் விலங்கு என்றால் மனிதனைத் தவிர்த்த எந்த உயிரினமும். இறாலும் அதற்குள் அடங்கும். ஐரோப்பியப் பண்ணை விலங்கு விதியோ முதுகெலும்பு இல்லாதவற்றை வெளியே நிறுத்திவிட்டது. வரையறையில் நாம் அவர்களைவிட அகலம். அதை இறாலுக்காக யாரும் பயன்படுத்தியதாக நான் கேள்விப்பட்டதில்லை, அதுதான் குறை.

சாயல்குடி மதினி எழுதியது:

எட்டு வருஷம் கறிக்கோழி வளர்த்தேன். கம்பெனி குஞ்சு கொடுக்கும், தீவனம் கொடுக்கும், எடை பார்த்துக் கூலி கொடுக்கும். அந்தக் கூலியில்தான் என் மகள் நர்சிங் முடித்தாள். அதனால் இதைப் பற்றிப் பேசும்போது கோபம் வந்தாலும் நன்றி மறக்க மாட்டேன்.

நீங்கள் எல்லாரும் வரப்போகிற கிடாவைப் பற்றிப் பேசுகிறீர்கள். நான் ஏற்கனவே வந்துவிட்டதைப் பற்றிச் சொல்கிறேன். மகள் ஒரு ஆய்வைப் படித்துக் காட்டினாள். கனடாவில் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் 1957-இன் ரகம், 1978-இன் ரகம், 2005-இன் ரகம் மூன்றையும் ஒரே தீவனம் போட்டு வளர்த்திருக்கிறார்கள். 56 நாளில் முதல் கோழி 905 கிராம், இரண்டாவது 1,808 கிராம், மூன்றாவது 4,202 கிராம். மரபணுவில் யாரும் கத்தி வைக்கவில்லை. பெருத்ததைப் பெருத்ததோடு சேர்த்துச் சேர்த்தே வந்த எடை இது.

அந்த எடையைக் கால் தாங்காது என்பதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. முப்பத்தைந்தாம் நாளுக்கு மேல் கொட்டகைக்குள் நடந்தால் கோழி எழுந்து வழிவிடாது. இறக்கையைத் தரையில் ஊன்றி இரண்டு அடி நகரும், திரும்ப உட்காரும். தண்ணீர் நிப்பிள் ஒரு சாண் தூரத்தில் இருக்கும், போகாது. கையில் எடுத்தால் நெஞ்சுப்பக்கம் ரோமம் உதிர்ந்து உரம் எரித்த தோல் சிவந்திருக்கும். மத்தியானத்தில் மல்லாந்து விழுந்து துடித்துச் சாகும், நெஞ்சடைப்பு. வெயிலடித்தால் இன்னும் கூடும், நம்ம ஊர் வெயிலைச் சொல்லவா வேண்டும்.

இதைவிடக் கொடுமை அதன் தாய்க்கோழிக்கு. அதுவும் அதே பசி உள்ள ரகம்தான், ஆனால் வயிறார விட்டால் கொழுத்து முட்டை நின்றுவிடும், கால் போய்விடும். அதனால் அளந்து, குறைத்துத்தான் தீவனம். வாழ்நாள் பூரா பசியோடு இருக்கும்படி ஒரு உயிரை நாமே உண்டாக்கி வைத்திருக்கிறோம். இதற்கு மேல் எந்தத் திருத்தத்தைக் கண்டு பயப்பட வேண்டும்?

ஆகவே சட்டம் கேட்டால் ஆய்வக ஊசிக்கும் நாம் செய்யும் சேர்க்கைக்கும் ஒரே சட்டமாகக் கேளுங்கள். எப்படிச் செய்தாய் என்பது கோழிக்குத் தெரியாது. கால் வலிப்பதுதான் அதற்குத் தெரியும்.

ஓய்வு கால்நடை மருத்துவர் எழுதியது:

அம்மா சொன்ன கடைசி வரியை நான் முழுதாக ஏற்கிறேன். அப்புறம், மறுபக்கத்தையும் வைக்க வேண்டிய கடமை எனக்கு உண்டு. முப்பது வருஷம் இந்தக் கரையோரத்தில் ஊசி போட்டவன்.

திருத்தம் என்றாலே துன்பம் என்று ஆகிவிடாது. அமெரிக்காவில் 2022-இல் முடி குட்டையான, வெப்பம் தாங்கும் மாட்டுக்கு வழிவிட்டார்கள். அந்த மாற்றம் கரீபியன் பக்கத்து மாடுகளில் இயற்கையாகவே இருப்பது. 2025-இல் பன்றிகளைக் கூட்டமாகக் கொல்லும் சுவாச, இனப்பெருக்க நோயொன்றுக்கு ஆளாகாத பன்றிக்கு அனுமதி கொடுத்தார்கள். நம்ம செம்மறிகளுக்கு வடகிழக்கு மழை முடிந்ததும் நீலநாக்கு நோய் வருகிறது. வாய் புண்ணாகி, உதடு வீங்கி, குளம்பு அழற்சியில் முழங்காலிட்டே மேயும் ஆடுகளைப் பார்த்திருக்கிறேன். அதைத் தாங்கும் செம்மறி ஒன்றை யாராவது உண்டாக்கினால் நான் கும்பிடுவேன்.

ஆனால் அவசரத்தின் பாடமும் இருக்கிறது. கொம்பைச் சுட்டுத் தீய்க்கும் வலி வேண்டாம் என்று அமெரிக்காவில் கொம்பில்லாத மாட்டைத் திருத்தி உண்டாக்கினார்கள், 2015-இல் இரண்டு காளைகள் பிறந்தன. நல்ல நோக்கம். துல்லியமான திருத்தம், வேறு எதுவும் மாறவில்லை என்றார்கள். 2019-இல் அரசு விஞ்ஞானிகள் அதன் மரபணுத் தொகுப்பைத் திரும்பப் பார்த்தபோது, திருத்தக் கருவியாகப் போன பாக்டீரியா டிஎன்ஏ, நுண்ணுயிர்க்கொல்லியை எதிர்க்கும் மரபணுக்களோடு உள்ளே ஒட்டிக்கொண்டிருந்தது. செய்தவர்கள் பார்க்காததை வெளியாள் பார்த்துச் சொன்னார்.

இன்னொன்று வெள்ளாட்டில். கொம்பில்லாத தன்மை அதில் இயற்கையாகவே உண்டு. இரண்டு பக்கமும் கொம்பில்லாத பெற்றோரைச் சேர்த்தால் பிறக்கும் பெட்டைகளில் ஒரு பங்கு ஆணுமில்லாமல் பெண்ணுமில்லாமல், மலடாக நிற்கும். ஒரு மரபணு ஒரு வேலை மட்டும் செய்வதில்லை. மயோஸ்டேட்டினும் அப்படித்தான். பெல்ஜியத்தின் நீல மாடுகளில் அந்த மரபணு தானாகவே பழுதானது. கன்றுகளில் பெரும்பாலானவை வயிற்றைக் கிழித்துத்தான் வெளியே வருகின்றன. காஷ்மீர்க் குட்டி ஆராய்ச்சி நிலையில் இருக்கிற ஒற்றைக் குட்டி. அதை வைத்து இப்போதே தீர்ப்புச் சொல்லக் கூடாது. அதன் வாரிசைச் சுமக்கும் பெட்டைகளைப் பார்த்த பிறகுதான் பேச வேண்டும்.

திருப்பாலைக்குடி கிடைக்காரன் எழுதியது:

டாக்டர் ஐயா, நீலநாக்கு பற்றி நீங்கள் எழுதியதைப் படித்து மனசு மாறித்தான் போனேன். முழங்காலிட்டு மேய்கிற ஆட்டை எனக்கும் தெரியும். அப்படி ஒரு திருத்தம் வந்தால் வேண்டாம் என்று எந்த வாயால் சொல்வேன்.

ஒரு சந்தேகம். இரட்டைக் குட்டி போடும் மரபணு ஒன்று இருப்பதாகச் சொல்கிறார்களே, அது நமக்கு ஆகுமா?

ஓய்வு கால்நடை மருத்துவர் எழுதியது:

அது வங்காளத்துச் சுந்தரவனத்தின் கரோல் ஆட்டில் இருப்பது. 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் கப்பலேறி ஆஸ்திரேலியா போய் அங்கே பூரூலா என்று பேர் வாங்கிய மரபணு அதுதான். மகாராஷ்டிரத்தில் பல்டனில் உள்ள நிம்ப்கர் ஆராய்ச்சி நிலையம் கரோலிலிருந்து தக்காணி ஆட்டுக்குள் சாதாரணச் சேர்க்கை வழியாகவே அதைக் கொண்டுவந்தது. ஒரு பிரதி இருந்தால் பெரும்பாலும் இரட்டை, இரண்டு பிரதி சேர்ந்தால் மூன்றும் வரும்.

உங்களுக்கு ஆகுமா என்றால், சித்திரையில் உங்கள் மேய்ச்சல் தரவையில் என்ன இருக்கும்? கருவை நெற்றும் காய்ந்த கோரையும். ஆட்டுக்கு மடியில் காம்பு இரண்டு. மூன்றாவது குட்டியை நீங்கள் புட்டியில் வளர்க்க முடியும் என்றால் ஆகும். முடியாது என்றால் தாய் எலும்பாகும், குட்டி சாகும். ஒரே மரபணு, கொட்டிலில் தீவனம் வைப்பவனிடம் வரம், கிடை போடுகிறவனிடம் பாரம். இடத்தைச் சொல்லாமல் மரபணுவை மட்டும் அனுமதிக்கிற எந்த விதியும் அரைகுறைதான் என்று நான் சொல்வது இதனால்.

கீழக்கரை கிடா வியாபாரம் எழுதியது:

அஸ்ஸலாமு அலைக்கும். எனக்குப் பயம் வேறு மாதிரி. சட்டம் வந்தால் யார் மேல் விழும்? பெரிய கம்பெனி வக்கீல் வைத்துத் தப்பிக்கும். கிடை ஆடு மேய்க்கிற நம்ம கீதாரி பொலிகிடாவுக்குச் சான்று இல்லை என்று அபராதம் கட்டுவார். படிவம், பதிவு, முத்திரை என்று வந்தால் அறுபது உருப்படிக்காரர் தொழிலை விட்டுப் போய்விடுவார். அப்புறம் கம்பெனி ஆடு மட்டும்தான் மிஞ்சும். சட்டம் கேட்பதற்கு முன் இதை யோசியுங்கள்.

சந்தையும் ஒரு காவல்தான். குர்பானிக்கு ஆடு வாங்க வருகிறவர் பல்லைப் பிடித்துப் பார்ப்பார், முதுகைத் தடவுவார், நடக்கவிட்டுப் பார்ப்பார். நொண்டி ஆகாது, கண் போனது ஆகாது, எலும்பும் தோலுமானது ஆகாது. அறுக்கப்போகிற ஆடுதான், ஆனாலும் நோயில்லாமல் வாழ்ந்த ஆடாக இருக்க வேண்டும் என்பது எங்கள் பெரியவர்கள் வைத்த கணக்கு. நடக்க முடியாத கோழியை அப்படி நடக்கவிட்டுப் பார்த்து யாரும் வாங்குவதில்லையே மதினி, அது வெட்டிய கறியாகத்தானே கைக்கு வருகிறது.

கருப்புக்கோட்டு பரமக்குடி எழுதியது:

கீழக்கரைக் காக்கா (அண்ணன்) சொன்ன பயம் நியாயம். பாரம் யார் தலையில் என்பதை எழுதும் இடத்தில்தான் சட்டம் நல்லதாவதும் கெட்டதாவதும்.

இங்கிலாந்து 2023-இல் துல்லிய இனவிருத்திக்கென்று, அதாவது மரபணுத் திருத்தத்துக்கென்று, ஒரு சட்டம் போட்டது. அதில் விலங்கை விற்பனைக்குக் கொண்டுவருபவர், இந்தத் திருத்தத்தால் அந்த விலங்குக்கும் அதன் வாரிசுக்கும் உடல்நலமோ நல்வாழ்வோ கெடாது என்று அறிவிப்புக் கொடுக்க வேண்டும். அதைத் தனி ஆலோசனைக் குழு ஆராய வேண்டும். பொறுப்பு உண்டாக்குகிறவர் மேல், மேய்க்கிறவர் மேல் இல்லை. பயிருக்கான விதிகள் 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்துவிட்டன. விலங்குப் பகுதியை அவர்கள் இன்னும் திறக்கவில்லை. அவசரப்படாமல் இருப்பது எனக்குச் சரியாகவே படுகிறது. ஒரு குறை, அந்தச் சட்டம் ஊசிக்கு மட்டும். சேர்க்கையால் வரும் துன்பம் அதற்குள் வராது.

ஐரோப்பிய ஒன்றியத்தின் 1998 பண்ணை விலங்கு விதி அதையும் தொடுகிறது. இயற்கையோ செயற்கையோ, துன்பம் தரக்கூடிய இனவிருத்தி கூடாது. மரபுக்கூறையும் உடலமைப்பையும் பார்த்து, நலம் கெடாமல் வாழும் என்று எதிர்பார்க்க முடியாத விலங்கைப் பண்ணையில் வைக்கவே கூடாது. நான் கேட்பது இந்த வரியைத்தான், நம்ம 1960 சட்டத்துக்குள்.

சாயல்குடி மதினி எழுதியது:

தம்பி, வரி நன்றாகத்தான் இருக்கிறது. அந்த வரி வந்து கால் நூற்றாண்டு தாண்டிவிட்டது. இன்றைக்கும் ஐரோப்பாவில் பெரும்பாலும் வளர்வது அதே வேகமாகப் பெருக்கும் கோழிதானே? என் மகள் சொல்கிறாள், வரியை வைத்துக்கொண்டு யாரும் கோழியின் காலை எண்ணவில்லை என்று. துன்பம் கூடாது என்று எழுதினால், எது துன்பம் என்று கேட்டு வருஷக்கணக்கில் வழக்கு நடக்கும். எண்ணிக்கையாகக் கேளுங்கள். நூற்றுக்கு எத்தனை நொண்டுகிறது, எத்தனை தானாகச் சாகிறது, தாய்க்கு எத்தனை பிரசவம் கைவைத்து இழுக்க வேண்டியிருக்கிறது. ரகத்தை விற்கிறவன் இதை ஊரறியச் சொல்லட்டும்.

மண்டபம் இறால் எழுதியது:

மதினி சொன்னதோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும். கிருமி இல்லாத தாய் இறாலோடு வனாமி என்ற வெளிநாட்டு இறாலுக்கு 2009-இல் அனுமதி வந்தபோது நோய்க் கவலை தீர்ந்தது என்றுதான் எல்லாரும் சந்தோஷப்பட்டோம். என்ன நடந்தது? முன்பு வளர்த்த வரி இறால் காலத்தில் விட்டதைப்போலப் பல மடங்கு குஞ்சைக் குளத்தில் அடைத்தார்கள். வெள்ளைப்புள்ளி நோயும் போகவில்லை. டாக்டர் ஐயா சொன்ன நோய் தாங்கும் பன்றியும் வெப்பம் தாங்கும் மாடும் அப்படி ஆகிவிடக் கூடாது. நோய் வராது என்று நெருக்கி அடைப்பார்கள், சூடு தாங்கும் என்று தகரக் கொட்டகையில் கட்டுவார்கள். திருத்திய ரகத்துக்கு அனுமதி கொடுத்தால் அடைக்கிற எண்ணிக்கையையும் அதே தாளில் எழுத வேண்டும்.

ஓய்வு கால்நடை மருத்துவர் எழுதியது:

சரியான இடத்தைத் தொட்டீர்கள் தம்பி. என் பங்குக்கு இரண்டு சேர்க்கிறேன். திருத்திய விலங்கை மட்டும் பார்த்தால் போதாது, அதன் குட்டி, குட்டியின் குட்டி வரை பார்த்த பிறகே விந்தோ பொலிகிடாவோ வெளியே போகட்டும். பார்ப்பவர் விற்பவரின் சம்பளத்தில் இருக்கக் கூடாது. கொம்பில்லாத காளை சொன்ன பாடம் அது. கீதாரிக்கு எந்தப் படிவமும் வேண்டாம். ஆனால் கஷ்டப் பிரசவம் நடந்தால் ஊர்க் கால்நடை மருந்தகத்தில் வாயால் சொன்னால் பதிந்துகொள்ள ஒரு ஏடு வேண்டும். நான் பணியில் இருந்தபோது செத்த ஆட்டுக்கு ஏடு இருந்தது, பிரசவத்தில் பாடுபட்ட ஆட்டுக்கு இல்லை. அதை அன்றே கேட்காமல் விட்டது என் மனதில் இருக்கிறது.

திருப்பாலைக்குடி கிடைக்காரன் எழுதியது:

ஐயா, அந்த ஏடு ஒன்று இருந்திருந்தால் அந்தப் பெரிய கிடாவை வாங்குமுன் நான் கேட்டுத் தெரிந்திருப்பேன்.

அக்டோபர் 2 கிராமசபையில் தீர்மானமாகக் கொடுக்கலாம் என்றிருக்கிறேன். வக்கீல் தம்பி எழுத்தைச் சரிபார்த்துக் கொடுங்கள். திருத்தமோ சேர்க்கையோ, பொறுப்பு ரகத்தை விற்பவர் மேல், மேய்ப்பவர் மேல் அபராதம் கூடாது என்பது முதல் வரியாக இருக்கட்டும், காக்காவுக்காக. மண்டபம் தம்பி, இறாலுக்கு ஒரு பத்தி நீங்களே எழுதுங்கள், நான் எழுதினால் அந்தக் கண் விஷயம் சரியாக வராது. மதினி, உங்கள் கொட்டகைக் கணக்கு ஏதாவது கையில் இருக்கிறதா?

சாயல்குடி மதினி எழுதியது:

பரணில் தேடிப் பழைய பேட்ச் கார்டுகளை எடுத்துவிட்டேன். கரையான் கொஞ்சம் தின்றிருக்கிறது. அச்சடித்த கட்டங்களில் குஞ்சு எண்ணிக்கை, தீவன மூட்டை, வாராந்திர எடை, இறப்பு எல்லாம் இருக்கின்றன. காலுக்குக் கட்டம் இல்லை. ஆனால் முப்பத்தைந்தாம் நாளுக்குப் பிறகு ஒவ்வொரு அட்டையின் ஓரத்திலும் பென்சிலில் நான் கோடு போட்டிருக்கிறேன், நாலு கோடு நிறுத்தி ஐந்தாவதைக் குறுக்கே அடித்து. எழ முடியாத கோழிகளைத் தனியே தூக்கித் தண்ணீர்ப்பக்கம் வைத்த எண்ணிக்கை. சூப்பர்வைசர் கேட்கவில்லை, நானாகத்தான் போட்டேன். எதற்கென்று அப்போது தெரியாது. மகள் வந்ததும் படமெடுத்து இங்கே போடச் சொல்கிறேன்.